இலவச சார்ஜிங்: ஊட்டி இறக்கத்துக்கு ஒரு திருத்தம்

“புது எலெக்ட்ரிக் கார் வாங்கினால் ஒரு வருஷம் எந்த ஸ்டேஷனிலும் இலவசம், ஊட்டியிலேயே நூறு சதவீதம் ஏத்திட்டு இறங்குங்க” என்று ஒருத்தர் சொல்லியிருக்கார். ரெண்டுமே தவறு.

சலுகை பொதுவாக கம்பெனி சொல்லும் ஆப்பிலும் அதில் சேர்ந்த சார்ஜர்களிலும்தான் செல்லும். வேறு ஆப்பில் தொடங்கினால் வாலட்டில் பணம் போகும். யூனிட் வரம்பும் கெடு தேதியும் இருக்கிறதா என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்கிடுங்க.

ரெண்டாவது ஆபத்தானது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ வரும் காரை அவ்வளவு தூக்கவே கிட்டத்தட்ட 9 யூனிட் வேணும், உருளும் செலவு தனி. இறங்கும்போது அதில் நல்ல பங்கு ரீஜென்னில், அதாவது மோட்டாரே காரை இழுத்துப் பிடிச்சு மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புறதில், திரும்பும். ஆனால் பேட்டரி நிறைஞ்சிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. ரீஜென் குறைஞ்சு பாரமெல்லாம் பிரேக் பேடில் விழும். குன்னூர் தாண்டி பர்லியாறு வரைக்கும் தொடர் இறக்கம், பேட் சூடேறினால் பிடிமானம் போயிடும். இலவசமே ஆனாலும் 80 சதவீதத்தில் பிளக்கைக் கழட்டிடுங்க. அதுக்கு மேல் டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் ஏறும் வேகமும் படுத்துடும், பின்னால் நிக்கிறவருக்கு இடமாவது கிடைக்கும்.