பம்பர் வெள்ளைக்கறை: தேங்காய் எண்ணெயில் போவதில்லை, மறைகிறது

அண்ணாச்சி, காருக்கு வேக்ஸ் (மெழுகு பாலிஷ்) போடும்போது கருப்பு பம்பரில் படிந்த வெள்ளைக்கறை, தேங்காய் எண்ணெய் தடவினால் அடியோடு போய்விடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தடவியதும் கருப்பாகத் தெரிவது உண்மைதான். ஆனால் கறை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது.

சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழிகளில் காய்ந்த மெழுகும் பாலிஷ் தூளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பினால் சிதறல் குறையும். நம்ம ஊர் அல்வா பொட்டலத்தில் நெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகுமே, காகிதம் எங்கே போயிற்று? அதே கதைதான். எண்ணெய் மெழுகைக் கொஞ்சம் இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழிக்குள் இருப்பதைத் தேய்த்து வெளியே எடுத்தால்தான் போகும்.

நீங்களே பார்க்கலாம். கறையின் நடுவில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரு பக்கம் எண்ணெய். மறுபக்கம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் வட்டமாகத் தேய்த்து, நுரையை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிடிவாதமான கறைக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தையும் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் பார்த்தால் இரண்டும் கருப்பாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

வள்ளியூர், பணகுடி பக்கம் காற்றுக்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு எண்ணெய்ப் பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கழுவவே வேண்டாம். புழுதி அப்பியிருக்கும்.