கியர் போட்டால் திறன் அதிகரிக்காது

"விமான இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் (காற்றைத் தள்ளும் விசிறி) நடுவே 2:1 கியர் போட்டால் இன்ஜினின் சக்தி இரட்டிப்பாகும், உந்துவிசையும் இரண்டு மடங்காகும்; கியரை மட்டும் மாற்றினால் போதும்" என்று ஒரு பதிவில் சொல்லியிருப்பது தவறு. இரண்டு மடங்காவது டார்க் (சுழற்றும் விசை) மட்டும்தான். புரொப்பெல்லரின் சுழற்சி வேகம் பாதியாகிவிடும். திறன் (பவர்) இவ்விரண்டின் பெருக்கல் என்பதால் அது அதிகரிக்காது, கியர் பற்களின் உராய்வில் சிறிது குறையும்.

அப்புறம், பழைய புரொப்பெல்லரையே பாதி வேகத்தில் சுழற்றினால், விமானம் நின்ற நிலையில் உந்துவிசை ஏறத்தாழ கால் பங்காக இறங்கிவிடும். அது எடுத்துக்கொள்ளும் திறனோ எட்டில் ஒரு பங்குதான். இது பலருக்குத் தெரியாமல் போவதுதான் வருத்தம்.

கியரின் உண்மையான பலன், மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லரை மாட்ட முடிவது. அது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதால், அதே திறனுக்கு அதிக உந்துவிசை கிடைக்கும். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் விமான இன்ஜினைப் பாருங்கள்: இன்ஜின் 5800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5800 சுற்று) ஓடும்போது, 2.43:1 கியர் புரொப்பெல்லரைச் சுமார் 2390-இல் சுழற்றும். 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை கியர் இல்லாமல் நேரடியாக மாட்டினால், அதன் நுனி வினாடிக்கு 500 மீட்டரைத் தாண்டும். ஒலியைவிட வேகம் அது! கியரோடு 212 மீட்டர்தான்.

கியர் விகிதத்தை புரொப்பெல்லரின் விட்டம், பிட்ச் (இறக்கைகளின் சாய்வு) இரண்டோடும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கியரை மட்டும் மாற்றச் சொன்னதைத் தயவுசெய்து திருத்துங்கள்.