போன ஞாயிறு மைக்கில் கேட்ட ஜெபம்

போன ஞாயிறு எங்க சபையில் நடந்தது, வந்திருந்தவங்களுக்கெல்லாம் தெரியும். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. எழுதுகிறேன்.

ஒரு தம்பிக்கு சூப்பர்வைசராகப் பதவி உயர்வு. ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார். மூப்பர் அண்ணன் அவரை முன்னால் கூப்பிட்டு சால்வை போர்த்தினார், சபையே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். அடுத்து என் காணிக்கைக் கவர். பொது மேலாளர் ஆகியிருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அண்ணன் சொன்னார்: "சகோதரிக்குப் பெருமை வந்துடாம, குடும்பம் உடைஞ்சுடாம இருக்க எல்லாரும் ஜெபிப்போம்."

அவருக்குச் சால்வை, எனக்கு ஜெபம்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சபை, ஒரே நாள், ஒரே கர்த்தர் கொடுத்த உயர்வு. ஆணுக்கு வந்தால் ஆசீர்வாதம், பெண்ணுக்கு வந்தால் சோதனையா?

"மூணு வாரமா ஆராதனையில பார்க்க முடியல" என்றும் மைக்கிலேயே சொன்னார். அதில் ஒரு வாரம் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். மணலி பக்கம் எங்க கன்டெய்னர் யார்டு. சனி ராத்திரி ஒன்றரைக்கு போன். ரீஃபர் பெட்டிகளுக்கு, அதாவது குளிரூட்டும் கன்டெய்னர்களுக்குப் போகும் கரன்ட் கட், ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏழு பெட்டி, ஏழும் ஏற்றுமதி இறால். மைனஸ் 18 காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 15. எலக்ட்ரீஷியன் தம்பி பேனலைத் திறக்க, நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இயேசப்பா, இந்தப் பிள்ளையோட கையை நடத்துங்க" என்று வாய்விட்டே ஜெபித்தேன். நாலே காலுக்கு கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. பெட்டி பெட்டியாகப் பார்த்து, வரிசையில் நின்ற டிரெய்லர் டிரைவர்களுக்கு டீ சொல்லிவிட்டு வீடு வந்தபோது மணி ஒன்பது. எனக்கு அதுதான் ஆராதனை. இதுவும் ஊழியம்தான்.

நீதிமொழிகள் 31-ஐ கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறோமே, அந்தக் குணசாலியான ஸ்திரீ என்ன செய்கிறாள்? வயலை விசாரித்து வாங்குகிறாள். வியாபாரம் பார்க்கிறாள். ராத்திரியில் அவள் விளக்கு அணைவதில்லை. என் விளக்கு எரிந்தால் மட்டும் குடும்பம் உடைந்துவிடுமா?

"ஸ்திரீ புருஷன்மேல் அதிகாரம் செலுத்தக் கூடாதுன்னு பவுல் சொன்னதை மறந்துட்டியா?" என்பார்கள். பிலிப்பி பட்டணத்தில் பவுல் யார் வீட்டில் தங்கினார்? இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணியை விற்ற லீதியாள் வீட்டில். வியாபாரத்தை விட்டுவிட்டு வா என்று அவளிடம் சொன்னதாக வேதத்தில் இல்லை.

"சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா?" என் குடும்பத்தைப் பற்றி மைக்கில் பேசலாம், நான் எழுதக் கூடாதா?

"அண்ணன் நல்ல மனசோடதான் சொன்னார்." உண்மைதான். எங்க அப்பா இறந்த ராத்திரி முழுக்க எங்க கூடவே இருந்தவர் அவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

ஆபீஸிலும் நிம்மதி கிடையாது. பில்லில் பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்றதற்கு, "இது சர்ச் இல்ல மேடம்" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். அங்கே விசுவாசி என்று ஒதுக்குகிறார்கள், இங்கே அதிகாரி என்று ஒதுக்குகிறார்கள். நான் எங்கே போய் நிற்பது?

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அதே 2013-ல்தான் தென்னிந்தியத் திருச்சபை புஷ்பா லலிதா அம்மாவை நந்தியாலுக்குப் பேராயராக்கியது. எங்க மூப்பர் குழுவில் இன்றைக்கும் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள்.

எங்க அம்மா காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்தவங்க. சபைக்குக் கூரை போடப் பணம் பத்தாதபோது மூப்பர்கள் அம்மாவிடம்தான் கைமாற்று கேட்டார்கள். சுருக்குப்பையை அவிழ்த்து, உப்பு ஒட்டின நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாங்க. திருப்பிக் கேட்கவே இல்லை. கூரைக்கான கூட்டம் உள்ளே நடந்தது, அம்மா வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்தாங்க. அந்தக் கூரைக்குக் கீழேதான் போன ஞாயிறு நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு தங்கச்சி செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கும் மேனேஜர் புரமோஷன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நான் கவர்ல எழுதல, பயந்துட்டேன்."

தங்கச்சி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டு மாடிக்கு வா. உன்னைப் போலப் பொறுப்பில் இருக்கிற யாரையும் கூட்டிக்கொண்டு வா. சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்.