மூளையில் ஓட்டை விழாது தம்பி, ஆனால் மலைக் காளானைத் தொடாதே

போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டங்களில் மைக் பிடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் புளுகாதீர்கள். "ஒரே ஒரு ஸ்டாம்பு நாக்கில் வைத்தால் போதும், மூளையில் ஓட்டை விழுந்துவிடும்" என்று இங்கே சேலத்தில் ஒரு பள்ளி மேடையில் ஒருவர் முழங்கியதை நானே கேட்டேன். (ஸ்டாம்பு என்றால் எல்எஸ்டி என்ற போதை ரசாயனம் தடவிய காகிதத் துண்டு.) கடைசி வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கையில் போன் இருக்கிறது, இரண்டு நிமிடம் தேடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் அதே மனிதர் உண்மையைச் சொன்னாலும் எவன் நம்புவான்?

அஸ்தம்பட்டிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஏற்காடு கிளம்பும் பையன்கள், 20 கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து அவோமின் என்ற வாந்தி மாத்திரை வாங்க வண்டியை நிறுத்துவார்கள். போதைக் காளானைப் பற்றிய பேச்சுவாக்கில் ஒருவன், "அண்ணா, காளான்ல கெமிக்கல் இல்லையே, இயற்கைதானே?" என்பான். பக்கத்தில் நிற்பவன், "அது டிப்ரஷனுக்கு மருந்துடா, வெளிநாட்டுல டாக்டரே குடுக்கறாங்க" என்பான். மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விகளின் பக்கமே போவதில்லை.

பழைய பூச்சாண்டிகளை முதலில் பார்த்துவிடலாம். எல்எஸ்டி குரோமோசோமை உடைக்கும் என்று 1967-இல் ஒரு ஆய்வு வந்து அமெரிக்காவே அலறியது. 1971-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரண அளவில் அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. 2002-இல் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை குரங்குகளின் மூளை நரம்புகளைச் சிதைப்பதாக 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. மறு வருடமே அதைத் திரும்பப் பெற்றார்கள். லேபிள் மாறிப்போய், குரங்குகளுக்குப் போட்டது வேறு சரக்கு, மெத்தாம்ஃபெட்டமின்! (எங்கள் தொழிலில் இதைச் செய்தால் கடைக்குப் பூட்டு.) எல்எஸ்டி முதுகுத்தண்டில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதும் கதைதான். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆனால் போதை தெளிந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் கண்ணில் புள்ளியும் நிழலும் ஆடுவது உண்மை. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு.

சரி, மூளையில் என்னதான் நடக்கிறது? காளானில் இருக்கும் சைலோசைபின் உடம்புக்குள் போய் சைலோசினாக மாறுகிறது. அதுவும் எல்எஸ்டியும், மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில், முக்கியமாக டூ-ஏ என்ற வகையில், போய் ஒட்டிக்கொள்கின்றன. 2017-இல் அப்படி ஒரு ஏற்பிக்குள் எல்எஸ்டி இருக்கும் அமைப்பைப் பார்த்தபோது, ஏற்பியின் ஒரு பகுதி மூடி கவிழ்ந்தாற்போல் அதை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. போதை அரை நாள் வரை இறங்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். அளவு எவ்வளவு தெரியுமா? 1943-இல், எல்எஸ்டியை உருவாக்கிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் தன் மேலேயே சோதித்துப் பார்த்து, சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் தவித்துப்போனாரே, அவர் எடுத்தது 0.25 மில்லிகிராம். ஒரு மாத்திரையின் தூசு.

இனி எதிர்த் தரப்பின் புளுகு. இரண்டு வட்டங்கள், ஒன்றில் சில கோடுகள், மற்றதில் கோடுகள் மண்டிக் கிடக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2014 ஆய்வு ஒன்றில் வந்தது. "காளான் தின்றால் மூளையில் புது இணைப்பு முளைக்கும்" என்று எழுதிப் பகிர்கிறார்கள். அந்தக் கோடுகள் நரம்புகளே அல்ல. அந்த நேரத்தில் மூளையின் எந்தெந்தப் பகுதி சேர்ந்து இயங்கியது என்ற கணக்கு. நரம்பில் புது முளைகள் விட்டதைப் பார்த்தது சுண்டெலிகளில்.

மருந்து என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் தரலாம். 2022-இல் வெளிவந்த ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேரில் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் மூன்றாவது வாரத்தில் மீண்டிருந்தார்கள். பெயருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 8 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் மிச்சம் 71 சதவீதம் பேரை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். மனநோய்க்கு லித்தியம் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை எடுத்து வலிப்பு வந்த செய்திகளும் உண்டு. நம் பையன்களில் எத்தனை பேருக்குப் பெரியப்பாவின் நோய் என்னவென்று தெரியும்? நாம்தான் சொல்வதே இல்லையே.

'இயற்கை' என்ற வாதத்தைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் மழை விட்ட மறுநாள் காளான் எடுக்கும் வயதான அம்மாவைப் பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்க மாட்டார். விரலால் மண்ணை விலக்கி, அடியில் நீள வேர் புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பார். "புத்துல வந்தாத்தான் எடுப்போம் கண்ணு. மத்தத கையால தொடறதில்ல." தலைமுறையாக மலையில் இருப்பவரே அப்படி. போதைக் காளானின் சாயலிலேயே கலேரினா என்று ஒன்று உண்டு. அதில் இருப்பது ஈரலைக் கரைக்கும் நஞ்சு. ஊமத்தையும் இயற்கைதான். அது இந்த வகையே அல்ல. நரம்புகள் செய்தி அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுத்து, வாய் வறண்டு, உடம்பு கொதித்து, இல்லாத ஆளோடு பேச வைக்கும். உயிரும் போகும்.

ஸ்டாம்பு என்று விற்பதில் எல்எஸ்டிதான் இருக்கிறது என்று எந்தக் கொம்பனும் உத்தரவாதம் தர முடியாது. என்பாம் என்ற வேறொரு ரசாயனத்தைத் தடவி விற்று, வெளிநாடுகளில் இளைஞர்கள் செத்திருக்கிறார்கள். சட்டத்திலும் எல்எஸ்டி 0.1 கிராமுக்கு மேல் இருந்தாலே வணிக அளவு, குறைந்தது 10 வருடம் சிறை.

ஒருவேளை வீட்டுப் பிள்ளை காளானைத் தின்றுவிட்டான் என்று தெரிந்தால், மானம் போகும் என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தின்றான் என்பதை முதலில் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் பாலிதீனில் கட்டாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஈரலைக் கரைக்கும் நச்சுக்காளானாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியே தொடங்கும். அது நின்று ஒரு நாள் தெம்பாகவும் தெரிவான். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும், அது வெளியே தெரிவது அதற்குப் பிறகுதான். அதனால் பையன் எழுந்து இட்லி கேட்கிறான் என்று டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.