நிலம் மாநிலத்தின் கையில் என்றால் ஊராட்சி மன்றம் எதற்கு?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு: ஏக்கருக்கு எவ்வளவு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுப்பார்கள்? தோட்டத்துக்குப் பின்பக்கம் இருக்கும் சிறு நிலக்காரர்களுக்கு நில அலுவலகத்திலிருந்து போராங் இ வந்திருக்கிறது, அதாவது நிலம் எடுப்பு விசாரணைக்கு அழைக்கும் படிவம். எல்லாம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). ரப்பர் பால் வெட்டிய காசில் சீட்டுக் கட்டி, வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து வாங்கிய நிலம். விலை பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த நிலத்தை எடுக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்று குழுவில் ஒருவர்கூட கேட்கவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். நில அலுவலகத்தில், "அது மாநிலத்தின் முடிவு, நாங்கள் விசாரணை மட்டும்தான் நடத்துகிறோம்" என்றார்கள். ஒய்.பி.யின் (எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியின்) சேவை மையத்தில், "மன்றத்தைக் கேளுங்கள், திட்டம் அவர்களுடையது." மன்றத்தில், "நிலம் எங்கள் அதிகாரத்தில் இல்லை, ஐயா." மூன்றில் ஒன்றையும் பொய் என்று தள்ள முடியாது. எரிச்சலே அதில்தான்.

1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் முதலில் பெரும்பாலும் பொதுத் தேவைக்குத்தான். 1991-ல் திருத்தினார்கள். நாட்டின் பொருளாதார மேம்பாட்டுக்கு நல்லது என்று மாநில அரசு கருதினால், தனியார் நிறுவனத்துக்காகவும் நிலத்தை எடுக்கலாம் என்று ஆனது. கூடவே 68ஏ பிரிவு வந்தது: எடுத்த நிலத்தைப் பிறகு வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், யாருக்குக் கைமாற்றினாலும், எடுத்தது செல்லாது என்று வாதாட முடியாது. சாலை வேண்டாம், ரயில் வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. மேற்குக் கரை நெடுஞ்சாலை எத்தனையோ தோட்டங்களுக்கு நடுவே போகிறது, அதில் நாங்களும்தான் கார் ஓட்டுகிறோம். யாருக்காக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு எடுங்கள் என்கிறோம், அவ்வளவே.

விலையில் குறை என்றால் வழக்குப் போட வழியாவது இருக்கிறது. இழப்பீட்டைத் தீர்மானிப்பது நீதிபதியின் வேலை, கூட உட்காரும் மதிப்பீட்டாளர்களின் வேலை அல்ல என்று 2017-ல் செமினி ஜெயா நிறுவனத்தின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எடுக்கலாம் என்ற முடிவையே எதிர்த்துக் கேட்க, எங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அந்த ஓட்டுத்தான் எங்களுக்கு இல்லை.

"அதிகாரம் இல்லை" என்று மன்றம் நழுவுவதை நான் ஏற்க மாட்டேன். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த இடம் விவசாயம், எந்த இடம் வீடமைப்பு என்று காட்டும் உள்ளூர்த் திட்டத்தைத் தயாரிப்பது மன்றம்தான். திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். எங்கள் நிலம் வரைபடத்தில் விவசாயத்திலிருந்து மாறியது இன்று நேற்றல்ல. ஆட்சேபக் காலத்தில் எங்கள் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) வந்து ஒரு வார்த்தை சொல்ல மன்ற உறுப்பினருக்கு நேரமில்லை. தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்க வந்தார், படமும் எடுத்துக்கொண்டார். (அரிசி நல்ல அரிசிதான், குறை சொல்லவில்லை.)

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவரை நியமித்தது மாநில அரசு, அதனால் அவர் பதில் சொல்வதும் அங்கேதான். இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965-ல் நிறுத்தி வைத்தார்கள், 1976-ல் சட்டம் போட்டு அடியோடு எடுத்தார்கள். இடையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று ஊர் ஊராகப் போய் விசாரித்து, தேர்தல் திரும்ப வேண்டும் என்று 1968-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். அந்த அறிக்கையை யார் மதித்தார்கள்?

எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவரின் நிலத்தில் கொஞ்சத்தை முன்பு சாலை விரிவுக்கு எடுத்தார்கள். விசாரணைக்கு அவர் ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே குலை எடைச் சீட்டுகள், உர பில்கள், தேதிவாரியாக ரப்பர் போட்டுக் கட்டியவை. அதிகாரி அதைத் திறக்கக்கூட இல்லை. காட்டிய இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஆட்சேபத்தோடு வாங்குகிறேன் என்று எழுதாமல் பணத்தை ஏற்றுக்கொண்டதால், நீதிமன்றம் போகும் வழி அதோடு அடைபட்டது. அதை அவரிடம் சொல்ல அங்கே ஆளில்லை.

கிராண்ட் (நிலப் பட்டா) இருப்பவர் நிலைமையே இது. ஆற்றோரத்தில் கீரை போடுகிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும் வைத்திருப்பது டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம். டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். அவர்கள் பேர் எந்தப் போராங்கிலும் வராது.

மன்றத்தின் முழுக்கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம், சட்டத்திலேயே இருக்கிறது. செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த முழுக்கூட்டத்துக்கு நான் போகிறேன். நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தது யார், உள்ளூர்த் திட்டத்தை மாற்றும்போது வந்த ஆட்சேபங்கள் எத்தனை என்று மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறேன். வர முடிந்தவர்கள் கூட வாருங்கள், கார் இல்லாதவர்கள் சொல்லுங்கள்.

போராங் இ கையில் இருப்பவர்கள், விசாரணையில் உங்கள் கோரிக்கையை எழுத்திலேயே கொடுங்கள். ஆட்சேபம் என்று எழுதாமல் காசோலையைத் தொடாதீர்கள். விசாரணையில் நீங்கள் இருந்தால், நில அலுவலகம் இழப்பீட்டைத் தீர்மானித்துச் சொன்ன தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள், நீதிமன்றத்துக்கு ஆட்சேபத்தைக் கொண்டுபோகும் போராங் என் படிவத்தைப் போட வேண்டும். வழக்கறிஞர் யாராவது இலவசமாகப் பார்த்துக் கொடுக்க முடியுமென்றால் கீழே சொல்லுங்கள்.