ஆல்பத்துக்குப் பயந்துதான் ஜாக்கெட் தைக்கணுமா?

"பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைப் புரட்டினா உனக்கே கூச்சமா இருக்கும், பாத்துக்க."

தம்பி கல்யாணத்துக்குச் சுங்குடிப் புடவையும் காலர் வைத்த ஜாக்கெட்டும்தான் என்று நான் வாய் திறந்த நாளிலிருந்து வீட்டில் இதே பாட்டு. சித்தி சொன்னார், அண்ணி சொன்னார். துணிக்கடையில் புடவை எடுத்துப் போட்ட பையன்கூட, "காலத்துக்கும் நிக்கிற மாதிரி எடுங்கக்கா" என்கிறான். எதுடா தம்பி காலத்துக்கும் நிற்கும்? அவன் விரித்தது எம்.எஸ். ப்ளூ பட்டு. நல்ல நிறம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எம்.எஸ். சுப்புலட்சுமி என்ற பெண்மணி விரும்பிக் கட்டப்போய் அவர் பெயரே ஒட்டிக்கொண்ட நிறம் அது. "பின்னாடி எடுபடாதும்மா" என்று யாரோ சொல்லி அவரும் கேட்டிருந்தால், இவன் இன்றைக்கு எதை விரித்திருப்பான்?

சுங்குடி "பாட்டிங்க கட்டுறது" ஆம். மதுரைக்காரி என்னிடமே இதைச் சொல்கிறார்கள்! 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை. ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளிப் பிடித்து, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குகிறார்கள். காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் ஒரு வட்டம் இன்னொன்றைப் போல இருக்காது. அந்தக் கோணல்மாணலுக்காகத்தான் நான் கட்டுவதே. (அச்சடித்ததையே சுங்குடி என்று தலையில் கட்டுவது தனி வயிற்றெரிச்சல். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

இத்தனைக்கும் இதே அண்ணிதான், கல்யாணத் தேதியை முதுகில் ஆரி வொர்க்கில் போட்டு ஜாக்கெட் தைத்தவர். அதை மறுபடி எங்கே போட்டுக்கொண்டு போவது? கேட்டால் எனக்கு வாய்க்கொழுப்பாம்.

சரி, அந்த ஆல்பத்துக்கே வருவோம். அம்மாவின் 1986 போட்டோ ஒன்று இருக்கிறது. நைலக்ஸ் புடவை, பஃப் கை வைத்த ஜாக்கெட், காதில் வளையல் சைசுக்கு நதியா கம்மல். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அம்மாவுக்குக் கூச்சமா? ஒரு மண்ணும் இல்லை. "அந்தக் கம்மலுக்காக உங்க தாத்தாகிட்ட ரெண்டு நாள் பேசாம இருந்தேன் தெரியுமா" என்று இன்றைக்கும் பெருமை. போன வருடம் அண்ணன் மகள் அதே பஃப் கையை போட்டோ பார்த்துத் தைத்துக்கொண்டாள்.

என்னுடையதைக் கேளுங்கள். 2013, கல்லூரிக் கடைசி நாள். "எப்பவும் எடுபடும்" என்று வீட்டில் எடுத்துக் கொடுத்த சந்தன நிறச் சுடிதார். குரூப் போட்டோவில் பக்கத்தில் நிற்பவள் யார் என்று பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஆசைப்பட்டது ராமர் பச்சையில் ஒரு கட்டம் போட்ட பாவாடை. விலைகூட ஞாபகமிருக்கிறது, 450 ரூபாய். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நேற்று தையல்காரரிடம் அளவு கொடுத்தேன். "உள்ள ஒரு இஞ்ச் துணி விடுறேன்மா, பின்னால பிரிச்சுக்கலாம்" என்றார். "தாராளமா விடுங்கண்ணே, காலரை மட்டும் குறைச்சிராதீங்க" என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்காம்மா இது?"