காட்டெருமையின் தாடைக்கு முட்டுக்கொடுத்த கல்

ஆப்பிரிக்க வேட்டை என்றால் என்ன என்பதை நான் காட்டில் கற்கவில்லை. பில் போட்டுக் கற்றேன்.

தான்சானியாவின் அருஷாவில் ஆறு ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன். அதில் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வேட்டைக்காரர்களைக் காட்டுக்கு அழைத்துப்போகும் ஒரு நிறுவனத்தில். நானோ கோழி அறுக்கும் இடத்தில்கூடத் தள்ளி நிற்கும் ஆள். என் மேஜைக்கு வந்ததெல்லாம் காகிதம்தான். ஆனால் காகிதம் நிறையச் சொல்லும்.

பில்லின் முதல் வரி நாள் கட்டணம். சிங்கமோ யானையோ வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் 21 நாள் அனுமதி எடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல். ஆக, ஒரு தோட்டா வெடிப்பதற்கு முன்பே நாற்பதாயிரம் தாண்டிவிடும். அதன் பிறகு விலங்குகளுக்குத் தனித்தனி வரி. காட்டெருமை இவ்வளவு, சிறுத்தை இவ்வளவு, இம்பாலா மான் இவ்வளவு. காயத்தோடு ஓடி மறைந்துவிட்டாலும் முழுத் தொகை. தரையில் ஒரு சொட்டு ரத்தம் கண்டால் செத்ததாகவே கணக்கு. துப்பாக்கி அனுமதிக்கு ஒரு வரி. சுடாமல் கூடவே வரும் மனைவிக்குப் பார்வையாளர் கட்டணம். தோலையும் கொம்பையும் உப்பிட்டு, மருந்தில் முக்கி, பெட்டியில் அடைத்து அனுப்ப இன்னொரு வரி. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டருக்கும் துடைப்பத்துக்கும் தனித்தனியாகப் போட்டு நீட்டுவார்களே, அதே பாணி.

இந்தப் பில்லை முகம் சுளிக்காமல் கட்டிவிட்டுப் போனவர்களில் பலர் டெக்சாஸ்காரர்கள். வீட்டுக்குப் பின்னாலேயே மான் மேயும் ஊர். அப்புறம் எதற்கு இரண்டு விமானம் மாறி இங்கே வருகிறார்கள்? இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ஆபத்து. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றைச் சுற்றுலாக்காரர்கள் இன்று 'பிக் ஃபைவ்' என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல அது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை மிக ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு. அதனால்தான் ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை. முயலைக் குறி தவறாமல் அடித்தவனைவிட யானையைக் குறி தவறவிட்டவனுக்குத்தான் பெருமை என்று நாமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே அந்த ஆசை எனக்குப் புரியாத ஆசை அல்ல.

ஆபத்து பொய் என்றும் சொல்லமாட்டேன். குண்டடிபட்ட காட்டெருமை புதருக்குள் சுற்றி வந்து தன் தடத்தின் ஓரத்திலேயே நிற்கும் என்பதை அதைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. இருந்தாலும் அந்த ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பதை ஒரே ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து என் கருத்து மாறவில்லை.

ஒரு ஆகஸ்டில் முகாமில் இருப்புச் சரிபார்க்கப் போயிருந்தேன். உப்பு மூட்டை, டீசல் பீப்பாய், தோட்டாப் பெட்டி எல்லாம் எண்ணி முடித்த மறுநாள் காலை, ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது, ஏறிக்கொண்டேன். தடம் பார்ப்பவரை எல்லாரும் 'ம்ஸே' என்றே அழைப்பார்கள். சுவாஹிலியில் பெரியவர் என்று பொருள். சாணத்தைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். ஒரு பழைய காலுறைக்குள் சாம்பல் வைத்திருந்தார். பத்தடிக்கு ஒருதரம் அதை உதறி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, காற்றுக்கு எதிராகத் திரும்பினார். அவருக்குப் பின்னால் தொழில்முறை வேட்டைக்காரர். அவருக்கும் பின்னால் பணம் கட்டியவர். ஓட்டுநரும் நானும் மேட்டிலேயே நின்றுவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பிறகு ஒரு வெடிச்சத்தம். உடனே தொடர்ந்து இன்னும் இரண்டு.

ஒரு சத்தம் வாடிக்கையாளருடையது. மற்றவை யாருடையவை என்று முகாமில் யாரும் கேட்பதில்லை. பில்லிலும் அதற்கு வரி கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படம் எடுக்கும் வேலை தொடங்கியிருந்தது. கிழட்டு எருமை, உடம்பெல்லாம் காய்ந்த சேறு. ம்ஸே தண்ணீர் ஊற்றி மூக்கில் இருந்த ரத்தத்தைப் புல்லால் துடைத்தார். வெளியே தொங்கிய நாக்கை வாய்க்குள் தள்ளினார். தலை சாயாமல் இருக்கத் தாடைக்கடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். முன்னால் இருந்த புல்லை அரிவாளால் அரிந்து சமப்படுத்தினார். வாடிக்கையாளர் எருமைக்குப் பின்னால் ஓரிரு அடி தள்ளி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் எருமை பெரிதாகத் தெரியும். துப்பாக்கியைக் கொம்பின்மேல் சாய்த்தார்கள். கடைசியாக ம்ஸே தன் காலுறையையும் தண்ணீர்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, கேமராவின் எல்லைக்கு வெளியே போய் நின்றார்.

விற்பனைக்கு இருக்கும் பொருள் எருமை அல்ல, அந்தச் சட்டகம்தான் என்று எனக்கு அங்கே தோன்றியது. தடம் பார்க்க ஒருவர், சுமக்க இருவர், தோலுரிக்க ஒருவர், தப்பினால் சுட ஒருவர், மாலையில் குளிக்க வெந்நீர் வைக்க ஒருவர். எல்லாரும் அவரை 'புவானா' என்பார்கள். ஐயா என்று பொருள். என் காதுக்குத் துரை என்று கேட்கும். டெக்சாஸில் அவர் தன் ஜீப்பைத் தானே ஓட்டுகிறவர், தன் மானைத் தானே இழுத்து வருகிறவர். இங்கே 21 நாள் துரை. நூறாண்டுக்கு முந்தைய ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அந்த வாடகைதான் நாள் கட்டணம்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு ரூஸ்வெல்ட்டின் கதை. தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராக இருந்தபோது, 1902இல் மிசிசிப்பியில் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்தவர், கெட்டிக்கார வேட்டைக்காரர். ஒரு கரடியை மடக்கி மரத்தில் கட்டிவைத்து அதிபரைக் கூப்பிட்டார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகல்ல என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது, அவர் செல்லப்பெயரில் 'டெடி' கரடிப் பொம்மை பிறந்தது. (கரடி பிழைத்ததா என்று கேட்காதீர்கள். காயத்தோடு தவிக்க வேண்டாம் என்று கத்தியால் முடித்துவிட்டார்கள். பொம்மைக்கடையில் இதைச் சொல்வதில்லை.)

அதே மனிதர் பதவி முடிந்த கையோடு 1909இல் மொம்பாசாவில் இறங்கினார். சுமையாட்கள் இருநூறுக்கும் மேல். தோலைப் பாடம் செய்ய நான்கு டன் உப்பு. ஓராண்டுக்குள் அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டவை 512 விலங்குகள். அதில் 17 சிங்கம், 11 யானை, 20 காண்டாமிருகம். அருங்காட்சியகத்துக்காக என்றார், பெரும்பகுதி அங்கே போனதும் உண்மை. ஆனாலும் மிசிசிப்பியில் ஒரு கரடிக்கு முன்னால் கூசிய கை, இங்கே 512 வரை எண்ணியிருக்கிறது. மனிதர் மாறவில்லை, இடம் மாறியது. ஊரில் பத்துப் பேர் பார்க்கிறார்கள், அண்டை வீட்டுக்காரன் கேள்வி கேட்பான். இங்கே கேட்க யார்?

இதோடு இன்னொரு கவர்ச்சியும் உண்டு. வெறுங்கையோடு திரும்பும் பயம் குறைவு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெருங்கொம்பு ஆட்டுக்கான அனுமதியைக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். பத்து, இருபது ஆண்டு விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வேலி போட்ட பண்ணைகளில் ஒரே வாரத்தில் குடு மான், இம்பாலா, வரிக்குதிரை என்று பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போகலாம். இதன் அடிமட்டம் கூண்டில் வளர்த்த சிங்கத்தைத் திறந்துவிட்டுச் சுடுவது. அதை வேட்டை என்று அழைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அந்தத் தொழிலை மூடப்போவதாகத் தென்னாப்பிரிக்க அரசே 2021இல் அறிவித்தது.

நார்வேயில் என் சகலை இருக்கிறார். அவரோடு வேலைபார்க்கும் ஒருவர் செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிடுவார்; மூஸ் மான் வேட்டை. உரிமம் பெறத் தேர்வு எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முப்பது குண்டு பழகி, அதன்பின் ஐந்து குண்டு வைத்துக் குறிபார்க்கும் தேர்வில் தேறினால்தான் அந்த ஆண்டு துப்பாக்கியைத் தொடலாம். காயம்பட்டு ஓடும் விலங்கைத் தேடப் பழக்கிய நாய் கைவசம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கறியைக் குழுவுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சகலை வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல் செய்தார்களாம், ஆட்டுக்கறியை மறக்கச் செய்துவிட்டது என்றார். வேட்டைப் படம் உண்டா என்று நான் கேட்கச் சொன்னதற்கு அந்த மனிதர் தன் நாயின் படத்தைக் காட்டியிருக்கிறார்.

ஐரோப்பா முழுக்க இப்படித்தான் என்று நான் ஏமாறத் தயாரில்லை. ஆகஸ்ட் 12 பிறந்தால் ஸ்காட்லாந்து மேட்டு நிலங்களில் பணக்காரர்கள் வரிசையாக நிற்க, கூலிக்கு வந்தவர்கள் கொடியை ஆட்டிப் பறவைகளை அவர்கள் பக்கம் விரட்டுவார்கள். நம் நாட்டு மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் பரண் மேல் உட்கார்ந்து, ஆட்களை விட்டுப் புலியைக் கலைத்து வரச்செய்தவர்கள்தாம். சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே புலி வேட்டையை வெளிநாட்டினருக்கு விற்ற கம்பெனிகள் இருந்தன. 1972இன் வனவிலங்குச் சட்டம் வந்துதான் அந்தக் கடை முழுதாகச் சாத்தப்பட்டது. துரையின் நாற்காலி ஆப்பிரிக்காவில் செய்தது அல்ல. இன்று அதிகமாக வாடகைக்குக் கிடைப்பது அங்கே, அவ்வளவுதான்.

அப்படியானால் தடைசெய்யச் சொல்கிறாயா என்பீர்கள். இங்கேதான் என் நண்பர்கள் பலருக்கும் எனக்கும் மனத்தாங்கல். 2015இல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் அம்பால் அடித்தார். காயத்தோடு பல மணி நேரம் கிடந்த பிறகுதான் கொன்றார்கள். உலகமே அழுதது. அந்த நாட்டு அமைச்சர் ஒருவரிடம் நிருபர்கள் கேட்டபோது "எந்தச் சிங்கம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். திமிர் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டுப்பட்டிக்குள் சிங்கம் வந்துபோகும் ஊரில் சிங்கத்துக்குப் பெயர் வைப்பதில்லை.

கென்யா 1977இலேயே வேட்டையைத் தடைசெய்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. மேய்ச்சலும் வேலியும் மக்கள்தொகையும் சட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை. நமீபியா 1996இல் சட்டம் திருத்தி, கிராமங்கள் சேர்ந்து காப்பகம் அமைக்கவும், சுற்றுலா, வேட்டை இரண்டின் வருமானத்தையும் எடுத்துக்கொள்ளவும் வழிசெய்தது. அங்கே வேட்டையை நிறுத்தச் சொல்பவர்கள் அந்தக் கிராமங்களுக்கு மாற்றாக என்ன கொடுப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். 2024இல் ஜெர்மனி வேட்டைப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பேசியபோது, இருபதாயிரம் யானைகளை அங்கே அனுப்பிவைக்கிறேன், கூடவே வாழ்ந்து பாருங்கள் என்றார் அப்போதைய போட்ஸ்வானா அதிபர் மசீசி. நக்கல்தான். ஆனால் அவர் நாட்டில் யானைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வேட்டையை ஆதரிக்கும் மறுபக்கத்தாரின் புளுகையும் விடப்போவதில்லை. வேட்டைக்காரர் நடமாடும் காட்டில் கள்ளவேட்டை நடக்காது என்பார்கள். தான்சானியாவில் 2009இல் ஒரு லட்சத்து ஒன்பதாயிரமாக இருந்த யானைகள் 2014இல் நாற்பத்து மூன்றாயிரம். மிக மோசமாக அடிவாங்கியவற்றுள் ஒன்று செலூஸ் காப்பகம். அதன் பெரும்பரப்பு அப்போது வேட்டை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்ததுதான். நாள் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தபோதே தந்தம் லாரி லாரியாக வெளியே போனது.

எருமை விழுந்த அன்று மாலை முகாமில் கறி வெந்துகொண்டிருந்தது. நல்ல பங்கு அருகிலிருந்த கிராமத்துக்குப் போய்விட்டது. தொடை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரித்தபடி நடந்துபோனதைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு என் வாதத்துக்கு இடைஞ்சல்தான், மறைக்க மாட்டேன். ம்ஸே என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் அரைகுறை சுவாஹிலியில் பேச்சு ஓடியது.

"உங்கள் ஊரில் யானை உண்டா?"

"உண்டு."

"யார் சுடுவது?"

"யாரும் சுடக்கூடாது."

"சோளத்தைத் தின்றால்?"

"பட்டாசு வெடிப்போம். தகரம் தட்டுவோம். ஆள் செத்தால் அரசு பணம் கொடுக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். கூடலூர்ப் பக்கம் இரவில் தகரம் தட்டியபடி காவலிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்குக் கூலி உண்டா என்று கேட்டார். சொந்த வயல், கூலி ஏது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என் செல்பேசியைக் காட்டி, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். எருமைத் தலை பக்கத்தில்தான் உப்பில் கிடந்தது. அதனோடு நிற்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று, புதிதாக வாங்கிய தன் சைக்கிளை உருட்டிவந்து அதன் பக்கத்தில் நின்றார்.

ஊர் திரும்பி இத்தனை ஆண்டாகியும் அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியல் ஜனவரி தோறும் என் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருக்கிறது; பெயரை நீக்க அவர்களுக்கு நேரமில்லை போலும். இந்த ஆண்டு காட்டெருமைக்கு விலை ஏற்றியிருக்கிறார்கள். நான் தட்டச்சு செய்துவிட்டு வந்த கடைசி வரி எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது: பணியாளர்களுக்கான அன்பளிப்பு மேற்கண்ட கட்டணத்தில் சேராது.